தன்னை எடைபோட்டுத் தொழிலைத் தேர்தல்

பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதம் தொடங்கி, கல்லூரிச் சேர்க்கை நிறைவுறும் ஆகஸ்ட் வரை, நாடெங்கும் வங்கிக் கிளைகளின் கல்விக் கடன் மேசை முன் ஒரே காட்சி திரும்பத் திரும்ப அரங்கேறுகிறது. விண்ணப்பதாரர் மாணவர், இணை விண்ணப்பதாரர் தந்தை. "இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தாய், தம்பி?" என்று மேலாளர் கேட்கிறார். "இதற்குத்தான் சார் இப்போது வேலை கிடைக்கிறது" என்று தந்தை விடையளிக்கிறார். மாணவர் தலையை மட்டும் அசைக்கிறார். ஊர் புவனேசுவரமாயினும் போபாலாயினும் மொழிதான் மாறுகிறது, விடையளிப்பவர் மாறுவதில்லை.

அந்தத் தலையசைப்பின் விலை என்ன என்று கணக்கிட்டுப் பார்ப்போம். நான்காண்டுப் படிப்புக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வீதம் 8 லட்சம் ரூபாய் கடன் பெறுவதாகக் கொள்வோம்; வட்டி 9 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை செலுத்த வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓய்வெடுப்பதில்லை. தனிவட்டிக் கணக்கின்படி, முதலாண்டு பெற்ற 2 லட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டி 90,000. அடுத்தடுத்த ஆண்டுகளின் தொகைகளுக்கு முறையே 72,000, 54,000, 36,000. ஆகமொத்தம் 2,52,000 ரூபாய் சேர்ந்து, தவணை தொடங்கும் நாளில் கடன் 10,52,000 ஆகியிருக்கும். அதைப் பத்தாண்டுகளில் அடைக்க மாதந்தோறும் ஏறத்தாழ 13,300 ரூபாய் செலுத்த வேண்டும். 22 அல்லது 23 வயதில் தொடங்கும் இப்பொறுப்பு 33 வயது வரை தொடரும். படித்த துறை பிடிக்காமல் இரண்டாம் ஆண்டிலேயே மனம் விட்டுப்போன இளைஞருக்கும் இதே தவணைதான்.

பணம் மட்டுமன்று, வாழ்வில் மீண்டும் வாராத ஆண்டுகளும் இதில் அடங்கியுள்ளன. ஆகவே கடன் விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன், சேர்க்கை விண்ணப்பத்தை நிரப்புவதற்கும் முன், பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவு என்று முடிவு செய்வதற்கும் முன், மாணவர் தம்மைத்தாமே எடைபோட்டுப் பார்ப்பது இன்றியமையாதது.

இச்சிந்தனை புதியதன்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் 1908-ஆம் ஆண்டு இளைஞர்களுக்கென ஒரு தொழில் வழிகாட்டு நிலையத்தைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே அவர் காலமானார்; தொழிலைத் தேர்ந்தெடுப்பது பற்றிய அவருடைய நூல் 1909-இல் வெளிவந்தது. அவர் வகுத்த முறை மிக எளியது. முதலில் தன்னைப் பற்றிய தெளிவு. அடுத்து, தொழில்களைப் பற்றிய அறிவு. மூன்றாவதாக, இவ்விரண்டையும் பொருத்திப் பார்க்கும் நேர்மையான சிந்தனை. நூறாண்டுகளுக்கு மேலாகியும் தொழில் வழிகாட்டலின் அடித்தளம் இதுவாகவே இருந்து வருகிறது. நம் இல்லங்களில் இரண்டாவது படி ஓரளவு நடைபெறுகிறது; எந்தக் கல்லூரி, எவ்வளவு கட்டணம், எத்தனை பேருக்கு வேலை என்று உறவினர் அனைவரிடமும் விசாரித்து விடுகிறோம். முதற்படியைத்தான் தாண்டிக் குதிக்கிறோம்.

தன்னை எடைபோடுதல் என்றதும் பலரும் மதிப்பெண் பட்டியலை எடுத்துக் கொள்கின்றனர். மதிப்பெண் ஒரு சான்று, ஒரே சான்றன்று. கணிதத்தில் 95 பெற்ற மாணவி கணிதத்தை விரும்புகிறாள் என்று பொருளில்லை. நல்ல ஆசிரியர் அமைந்திருக்கலாம். பயிற்சியின் பலனாக இருக்கலாம். தோல்வி குறித்த அச்சமே அவளைப் படிக்க வைத்திருக்கலாம். இதற்கு மாறாக, 65 மதிப்பெண் பெற்ற மாணவன் வீட்டில் பழுதான மின்விசிறியை அவிழ்த்து, காயிலை மாற்றி, மீண்டும் ஓட வைக்கிறான் எனில் அச்செய்தி எந்தப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. இங்கே மூன்று கேள்விகளைக் கலந்துவிடாமல் தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டும். எதைச் செய்ய விரும்புகிறேன்? எதை நன்றாகச் செய்கிறேன்? எதற்காகச் செய்கிறேன்? விருப்பம், திறன், விழுமியம் என்று இவற்றைக் கூறலாம். மூன்றும் ஒரே திசையைக் காட்டுமாயின் நற்பேறு. பெரும்பாலோர்க்கு அவ்வாறு அமைவதில்லை.

விருப்பத்தை வகைப்படுத்துவதில் உலகெங்கும் பெரிதும் பயன்படுவது ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளர் 1959-இல் வெளியிட்ட கோட்பாடு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கப் படையில் சேர வந்தவர்களை நேர்காணும் பணியில் இருந்தவர் அவர். ஆயிரம் பேரின் கதைகளும் ஆயிரம் விதமாக இல்லாமல் சில வகைகளுக்குள் அடங்கிவிடுவதை அங்கே கண்டார். பின்னாளில் அவர் வகுத்த பிரிவுகள் ஆறு.

கருவியையும் பொருளையும் கையால் தொட்டு வேலை செய்வதில் நிறைவு காண்பவர் செய்திறனாளர். தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்த ஃபிட்டர், ரயில் எஞ்சின் பணிமனையின் தொழில்நுட்பர், வேளாண் பொறியாளர் இவ்வகையினர். ஏன், எப்படி என்று துருவிக்கொண்டே இருப்பவர் ஆய்வாளர். கொல்கத்தாவில் 1931-இல் மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம் போன்ற இடங்கள் இவர்களுக்கு உகந்தவை. கட்டுப்பாடற்ற வெளியில் புதிதாக ஒன்றைப் படைக்க விழைபவர் கலைஞர்; அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம், தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் முதலியவற்றை இவர்கள் நாடலாம். பிறருக்குக் கற்பிப்பதிலும் பிறரைப் பேணுவதிலும் மகிழ்பவர் நான்காம் வகை: ஆசிரியர், செவிலியர், சமூகப் பணியாளர். பிறரை இணங்கவைத்து ஒரு செயலை நடத்தி முடிப்பவர் முனைவர் (இங்கே ஆய்வுப் பட்டம் பெற்றவர் என்ற பொருளில் அன்று, முனைந்து செய்பவர் என்ற பொருளில்): வணிகர், வழக்கறிஞர், விற்பனை மேலாளர். கணக்கும் பதிவும் ஒழுங்கும் துல்லியமும் ஆறாம் வகையினரின் இயல்பு: பட்டயக் கணக்காளர், நிறுவனச் செயலர். வங்கியாளர்களில் பலரையும் இவ்வகையில் காணலாம்.

எவரும் ஒரே பெட்டிக்குள் அடங்குபவர் அல்லர். ஹாலண்டும் ஒவ்வொருவருக்கும் முதன்மையான இரண்டு, மூன்று வகைகளைச் சேர்த்தே குறித்தார். அந்தச் சேர்க்கையில்தான் சுவையான வாய்ப்புகள் தோன்றுகின்றன. ஆய்வும் பேணலும் சேர்ந்தவருக்கு மருத்துவம் பொருந்தும் என்பது அனைவர்க்கும் தெரியும். ஆனால் 2024-ஆம் ஆண்டு நீட் தேர்வுக்குப் பதிவு செய்தோர் 24 லட்சம் பேர், அப்போது நாட்டிலிருந்த எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டின. இடம் கிடைக்காத 22 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் ஆய்வு நாட்டமும் பேணும் இயல்பும் பொய்யாகிவிடவில்லை. இயன்முறை மருத்துவம், கண்பார்வைப் பரிசோதனைத் துறை, கதிரியக்கப் படிமத் தொழில்நுட்பம், மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் ஆகியவற்றுக்கென 2021-இல் தனிச் சட்டமே நிறைவேற்றப்பட்டு, தேசிய ஆணையத்துக்கும் வழிசெய்யப்பட்டுள்ளது. "டாக்டர் ஆக வேண்டும்" என்று சொல்லும் பிள்ளை, அச்சொல்லுக்குள் எதை விரும்புகிறது என்று அறிந்திருந்தால் இக்கதவுகள் கண்ணுக்குப் புலப்படும். வெள்ளை அங்கியை விரும்புகிறதா, நோயாளியோடு பேசுவதையா, நுண்ணோக்கியையா, அல்லது அப்பாவின் முகத்தில் தோன்றும் பெருமிதத்தையா? கடைசி விடையும் நேர்மையான விடையே. ஆயினும் அதை வைத்துக்கொண்டு ஐந்தரை ஆண்டு படிப்பது கடினம்.

இவற்றையெல்லாம் கண்டறியச் செலவு மிக்க ஏற்பாடு எதுவும் தேவையில்லை. நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்று போதும். மாணவர் ஒரு மாதம் தொடர்ந்து, உறங்குவதற்கு முன் இரண்டு செய்திகளை மட்டும் எழுதட்டும்: இன்று நேரம் போனதே தெரியாமல் செய்த வேலை எது, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே செய்த வேலை எது. கருத்தை எழுதக் கூடாது. நடந்ததை எழுத வேண்டும். "எனக்கு அறிவியல் பிடிக்கும்" என்பது கருத்து. "வேதியியல் ஆய்வகத்தில் உப்புப் பகுப்பாய்வு முடிந்தபின்னும் இன்னொரு முறை செய்து பார்த்தேன், கணக்கீட்டை நண்பனைப் பார்த்து எழுதினேன்" என்பது சான்று. முப்பது நாள் எழுதியபின் படித்துப் பார்த்தால், தான் இதுவரை தன்னைப் பற்றிச் சொல்லி வந்ததற்கும் ஏட்டில் இருப்பதற்கும் இடையே வேறுபாடு தென்படும். நாட்டிய நிகழ்ச்சிக்கு ஆடச் சென்றவள், ஒலிபெருக்கி ஏற்பாட்டையும் வரவுசெலவையும் கவனித்த நாள்களைப் பற்றியே நிறைய எழுதியிருப்பாள்.

கைப்பேசியில் கழித்த நேரத்தையும் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். அதிலும் செய்தி உண்டு. மூன்று மணி நேரம் கிரிக்கெட் பார்த்தவன் ஆட்டத்தைப் பார்த்தானா, ஆட்டக்காரர்களின் ஓட்டச் சராசரிகளை ஒப்பிட்டுக் கொண்டிருந்தானா?

திறனைப் பொறுத்தவரை நம் கண் நமக்குப் போதாது. குறைவாகத் தெரிந்தவர் தம்மை மிகையாக மதிப்பதும், நிறையத் தெரிந்தவர் தம்மைக் குறைத்துக் கொள்வதும் இயல்பு. ஆகவே வீட்டுக்கு வெளியே மூவரிடம் கேட்பது நல்லது: பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவர், விளையாட்டிலோ மாணவர் படையிலோ உடனிருந்து பார்த்தவர் ஒருவர், ஒத்த வயது நண்பர் ஒருவர். "நான் எதற்குப் பொருத்தமானவன்?" என்று கேட்டால் உபசார விடைதான் கிடைக்கும். "என்னிடம் எந்த வேலையைக் கொடுத்தால் கவலையில்லாமல் இருப்பீர்கள்? எதைக் கொடுக்கத் தயங்குவீர்கள்?" என்று கேட்டால் உண்மை வெளிவரும்.

முறையான சோதனைகளும் உள்ளன. மத்திய இடைநிலைக் கல்வி வாரியமும் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமமும் இணைந்து 9, 10-ஆம் வகுப்பு மாணவர்களுக்காக 2019-இல் 'தமன்னா' என்னும் திறனறி சோதனையை வெளியிட்டன. மொழித்திறன், எண்திறன், சொல்வழித் தருக்கம், கருத்தியல் தருக்கம், இயந்திரவியல் தருக்கம், இடவெளித் திறன், கூர்ந்து காணும் திறன் என ஏழு கூறுகளை அது அளக்கிறது. இதில் வெற்றி, தோல்வி என்பது கிடையாது. எந்தப் பாடத்தையும் மாணவர்மீது சுமத்துவதற்கான கருவியும் அன்று. மத்திய தொழிலாளர் நலத்துறை 2015-இல் தொடங்கிய தேசியத் தொழில்வாழ்வுச் சேவை இணையதளத்திலும் தொழில் பற்றிய தகவல்களும் ஆலோசனையும் கிடைக்கின்றன. பள்ளியில் ஆலோசகர் இருப்பாராயின், சோதனை முடிவை அவருடன் அமர்ந்து படிப்பதே முறை.

ஆனால் கட்டணம் பெற்றுக்கொண்டு அழகிய வண்ண அறிக்கை தரும் எல்லாவற்றையும் நம்பிவிடக் கூடாது. பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் 1948-இல் தம் மாணவர்களுக்கு ஓர் ஆளுமைச் சோதனை நடத்தினார். பின்னர் ஒவ்வொருவரிடமும் "இது உனக்கான தனி அறிக்கை" என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என ஐந்துக்கு மதிப்பிடச் சொன்னார். சராசரி நான்குக்கும் மேல் வந்தது. பிறகுதான் உண்மை தெரிந்தது: அனைவரிடமும் இருந்தது ஒரே தாள்! சோதிட நூல் ஒன்றிலிருந்து அவர் எடுத்துத் தொகுத்த வாக்கியங்கள். "உங்களிடம் வெளிப்படாத ஆற்றல் நிறைய உள்ளது" என்பது போன்ற வரி யாருக்குத்தான் பொருந்தாது? கைவிரல் ரேகையைப் பதிவு செய்து, குழந்தையின் அறிவு வகைகளையும் ஏற்ற தொழிலையும் கணித்துத் தருவதாகச் சொல்லும் நிறுவனங்கள் நம் நகரங்களில் பெருகியுள்ளன. பள்ளிகளுக்குள்ளும் அவை நுழைகின்றன. விரல் ரேகைக்கும் தொழில் திறனுக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு ஏற்கத்தக்க அறிவியல் சான்று இல்லை. அப்பணத்தைச் சேமிப்புக் கணக்கில் போட்டுவைக்கலாம் என்பது என் எண்ணம்.

எல்லோரும் மறந்துவிடும் ஒன்று உடல். ரயில் ஓட்டுநர் பணியை எடுத்துக் கொள்ளுங்கள். உதவி ஓட்டுநராகச் சேர, கண்ணாடியின்றி இரு கண்களிலும் 6/6 பார்வை வேண்டும். நிறங்களைப் பிரித்தறியும் ஆற்றலிலும் குறையிருத்தல் ஆகாது. கப்பலைச் செலுத்தும் அதிகாரிக்கும் நிறப்பார்வை கட்டாயம். நிறக்குருடு உள்ளவருக்குப் பெரும்பாலும் அக்குறை இருப்பதே தெரியாது. அன்றாட வாழ்வில் தடையேதும் நேர்வதில்லை. பல ஆண்டுகள் கனவு கண்டு, பயிற்சிக்கும் செலவழித்து, மருத்துவப் பரிசோதனை நாளில் முதன்முதலாக அதை அறியும் இளைஞரின் நிலையை எண்ணிப் பாருங்கள். கண் மருத்துவரிடம் இஷிஹாரா அட்டைகளைக் கொண்டு செய்யும் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். பத்தாம் வகுப்பிலேயே செய்துவிடலாம்.

அதே வயதில்தான் சில கதவுகள் ஓசையின்றி மூடிக்கொள்கின்றன. பதினொன்றில் கணிதத்தை விட்டவர், புள்ளியியல் நிறுவனத்தின் இளநிலைப் படிப்பையும் பொறியியற் படிப்புகளில் பெரும்பாலானவற்றையும் விட்டவராகிறார். தேசியப் பாதுகாப்பு அகாதெமியின் தேர்வை 2021 முதல் பெண்களும் எழுதி வருகின்றனர். அதில் தரைப்படைக்கு எந்தப் பாடப்பிரிவும் ஏற்கப்படும், விமானப்படைக்கும் கடற்படைக்கும் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் தேவை. சட்டம், பட்டயக் கணக்கியல் ஆகியவற்றுக்கோ எந்தப் பிரிவு மாணவரும் செல்லலாம். தெளிவு பிறக்காத மாணவர், தம்மால் சுமக்க முடியுமாயின், கதவுகளை அதிகமாகத் திறந்து வைக்கும் பிரிவைத் தேர்வதே நன்று. சுமக்க முடியாத பிள்ளையை, 'கதவு திறந்திருக்கட்டும்' என்று கணிதத்தில் தள்ளுவது வேறு. அது இரண்டாண்டுத் தண்டனை.

விருப்பம் உண்மையானதா என்று அறிய அருகில் சென்று பார்ப்பதே சிறந்த வழி. கட்டடக்கலை படிக்க விரும்புபவர் ஒரு கட்டுமானத் தளத்தில் மே மாத வெயிலில் மூன்று நாள் நிற்கட்டும். வழக்கறிஞராக விழைபவர் மாவட்ட நீதிமன்றத்தின் பார்வையாளர் இருக்கையில் ஒரு முழுநாள் அமரட்டும்; திரைப்படத்தில் பார்த்த வாதத்துக்குப் பதிலாக, வாய்தாக்களே அதிகம் என்பதைக் காண்பார். அதன்பின்னும் மறுநாள் போகத் தோன்றுகிறதா? அக்கேள்விக்கு ஆம் என்று விடை வந்தால் அதனைப் பெரிதாக மதிக்கலாம். அத்தொழிலில் இருப்பவரிடம் சம்பளத்தைக் கேட்பதோடு நிறுத்தாமல், "நேற்றுக் காலை முதல் மாலை வரை என்னென்ன செய்தீர்கள்?" என்று கேட்க வேண்டும். தொழில் என்பது விருது வாங்கும் நாளன்று, சாதாரணச் செவ்வாய்க்கிழமை.

பெற்றோரின் பங்கு இதில் நுட்பமானது. முற்றிலும் ஒதுங்கி நிற்பதையும் நான் ஆதரிக்கவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வீட்டின் வரவு தெரியாது. கடன் சுமை தெரியாது. தங்கையின் படிப்புச் செலவு மூன்றாண்டுகளில் தொடங்கும் என்பதும் நினைவிருக்காது. இவற்றை மறைத்துவிட்டு, "உன் விருப்பம்போல் படி" என்பது பெருந்தன்மையாகத் தோன்றினும் நேர்மையன்று. எவ்வளவு இயலும், எதற்கு மேல் இயலாது என்று எண்களாகச் சொல்லிவிடுங்கள். அந்த எல்லைக்குள் பிள்ளை தேடட்டும். அதேபோல், சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய நிலையில் உள்ள குடும்பத்தில், பாலிடெக்னிக் பட்டயம் பெற்றுப் பின்னர் பொறியியலின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்வதும், தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்து உதவித்தொகையுடன் கூடிய தொழில்பழகுநர் பயிற்சிக்குச் செல்வதும் இழிவானவை என்ற எண்ணம் பிள்ளையின் மனத்தில் எங்கிருந்து வந்தது என்று பெற்றோர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். மகன் எனில் பொறியியல், மகள் எனில் ஆசிரியப் பயிற்சி என்று குறிப்பேட்டைத் திறப்பதற்கு முன்பே தீர்மானித்து வைத்திருக்கும் வீடுகளில் மாணவரின் எந்தத் தேடலும் பயன் தாராது.

பயிற்சி மையங்களில் மிக இளம் வயதிலேயே சேர்த்துவிடுவதும் இத்தகைய தீர்மானமே. 16 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக் கூடாது என மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தன் விருப்பம் இன்னதென்று அறியும் முன்பே ஒரு குழந்தை ஊர்விட்டு ஊர் சென்று, விடுதி அறையில் ஒரே தேர்வுக்காகப் படிக்கத் தொடங்கினால், எடைபோட்டுப் பார்க்க அதற்கு நேரம் ஏது?

இனி, கடன் மேசைக்கு வருவோம். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தின்கீழ், தகுதிப் பட்டியலில் உள்ள உயர்கல்வி நிறுவனங்களில் சேரும் மாணவர்கள் ஈடும் பிணையாளரும் இன்றிக் கடன் பெறலாம். ஆண்டு வருமானம் 8 லட்சம் வரையுள்ள குடும்பங்களுக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை விலக்குக் காலத்தில் 3 சதவீத வட்டி மானியம் உண்டு. விண்ணப்பிக்கும் முன் கிளைக்கு மாணவரே நேரில் வந்து, தவணை எவ்வளவு வரும் என்று கணக்கிட்டுக் கேட்டறிவது நல்லது. அத்துறையில் புதிதாகச் சேர்வோரின் வழக்கமான ஊதியத்தையும் அத்தவணையையும் குறிப்பேட்டின் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம். இயலுமாயின் தவணை விலக்குக் காலம் முழுவதும் வட்டியை மட்டுமாவது செலுத்தி வந்தால், மேலே கண்ட கணக்கில் 2,52,000 ரூபாய் அசலோடு சேராது. தவணையும் 10,100 ரூபாய் அளவில் நிற்கும்.

இத்தனைக்குப் பின்னும் முதலாண்டில் துறை பொருந்தவில்லை என்று தெரியவரலாம். அப்போது அடுத்த ஆண்டுக்கான தொகை கல்லூரிக்கு அனுப்பப்படும் முன்பே கிளைக்குத் தெரிவியுங்கள். கடன் ஒவ்வோர் ஆண்டாகவே வழங்கப்படுகிறது என்பதால், அந்நிலையில் மாணவரின் பெயரில் நிற்பது ஓராண்டுத் தொகையும் அதன் வட்டியும் மட்டுமே. படிப்பை மாற்றும் எண்ணத்தையும், விட்டுச்செல்லும் கல்லூரியிலிருந்து திரும்பப் பெறவேண்டிய கட்டணம் ஏதும் இருப்பின் அதன் விவரத்தையும் எழுத்து வடிவில் கொண்டு வந்தால், அடுத்து என்ன செய்யலாம் என்று மேலாளருடன் அமர்ந்து பேச முடியும். அந்தச் சந்திப்பில் கேள்விகளுக்கு மாணவரே விடையளிக்கட்டும்.